இறந்தவர் கையில் திணித்த கவிதை

அமெரிக்க நாட்டிலே ஒரு பெண் கவிஞர் இருந்தார். காதலைப் பாடினார். காதலித்தவரை மணக்கவில்லை, மணந்தவரோடு கடைசிவரை வாழவுமில்லை. ஒரு நாள், தம்மைக் கைவிட்டவனுக்குக் கவிதையிலே ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, உயிரை மாய்த்துக்கொண்டார்!

கதை இவ்வளவுதான். சொல்பவர் குரல் தழுதழுக்கிறது. கேட்பவர் கண் கலங்குகிறது. ஆளுக்கொரு பெருமூச்சு விட்டுக் கலைந்து போகிறார்கள். கலைந்து போகிறவர்களில் எவரும், அந்தக் கவிஞர் தம் வாழ்நாளில் வெளியிட்ட ஏழு கவிதை நூல்களில் ஒன்றையேனும் தேடிப் போவதில்லை. எதற்காகத் தேடுவது? கவிதையைவிடச் சுவையான பண்டம் கையிலே கிடைத்துவிட்டதே, ஒரு பெண்ணின் பிணம்!

கவிஞரின் பெயர் சாரா டீஸ்டேல். 1884-இல் மிசௌரி மாநிலத்துச் செயிண்ட் லூயிஸ் நகரில் பிறந்தார். 1933 சனவரி 29 அன்று நியூயார்க்கில் இறந்தார். தற்கொலை என்பது உண்மை. கடிதம் என்பது பொய். அந்தப் பொய்யைப் பற்றித்தான் எழுதப் புகுந்தோம்.

குற்றத்தை முதலில் நம் மீதே சுமத்திக்கொள்வது முறை. நாமும் அந்தக் கதையை நம்பியவர்தாம். நம்பியதோடு நின்றோமா? இல்லை. ஆங்கிலப் பாட வேளையில், பாடத்துக்குப் புறம்பாக, குரலைச் சற்றுத் தாழ்த்தி, உருக்கமாகவே எடுத்துரைத்தோம். வகுப்பு அடங்கிக் கிடந்தது. அப்போது மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "கடிதம் என்றால் தேதி இருக்குமே ஐயா, என்ன தேதி?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. புராணப் பொய்யென்றால் எந்த ஆண்டு, எந்த ஊர், எவன் கண்டான் என்று குறுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்த நமக்கு, இலக்கியப் பொய்யிடம் அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவில்லையே! அழகாக இருந்த காரணத்தால் ஒரு பொய்யை உள்ளே விட்டுவிட்டோம். வாயிற்காவலன் பட்டாடை கண்டு வழிவிட்ட கதைதான்.

தேதியைத் தேடினோம். 'எனக்குக் கவலையில்லை' என்று பொருள்படும் தலைப்புடைய எட்டு வரிப் பாடல் அது. தான் இறந்த பிறகு, மழை நனைத்த ஏப்ரல் மாதம் தன் மீது கூந்தலை உதறினாலும், காதலன் நெஞ்சுடைந்து குனிந்து நின்றாலும், தான் பொருட்படுத்தப் போவதில்லை என்கிறாள் ஒருத்தி. 'கடல் நோக்கும் ஆறுகள்' என்ற நூலிலே அது இருக்கிறது. நூல் வெளிவந்த ஆண்டு 1915. கவிஞர் இறந்த ஆண்டு 1933. இடையே 18 ஆண்டுகள்! எந்த நாட்டிலே ஐயா, சாகப் போகிறவர் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கடிதம் எழுதி, அதை அச்சிட்டு, அட்டை போட்டு, விலை வைத்து விற்றிருக்கிறார்? ஆயிரம் பேர் கையில் புழங்கிய அச்சுப் பாடலை எடுத்து, இறந்தவர் கையில் திணித்து, "இதோ கடைசிக் கடிதம்" என்றவர்கள் கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் கணக்கிலே தோற்றுவிட்டார்கள். கழித்தல் கணக்கு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு!

அந்தப் பதினெட்டு ஆண்டுகளும் அவர் என்ன செய்தார்? சன்னலோரம் அமர்ந்து கண்ணீர் வடித்தாரா?

1917-இல் 'காதற் பாடல்கள்' நூலை வெளியிட்டார். அதற்காக 1918-இல், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் வழியே அளிக்கப்பட்ட 500 டாலர் கவிதைப் பரிசைப் பெற்றார். கவிதைக்கென்று புலிட்சர் பரிசு முறையாக ஏற்படாத காலம் அது; பிற்காலத்தில் புலிட்சர் பரிசுப் பட்டியலிலே முதற்பெயராக அவர் பெயரையே சேர்த்துக்கொண்டார்கள். அதே 1917-இல், பெண்கள் எழுதிய காதற் பாடல்களில் நூற்றைத் தேர்ந்து, 'விடையளிக்கும் குரல்' என்று ஒரு தொகை நூல் பதிப்பித்தார். பெயரைக் கவனியுங்கள். காலங்காலமாக ஆண் பாடினான், பெண் பாடப்பட்டாள். கண்ணென்றும் கழுத்தென்றும் இடையென்றும் அவளைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பாடினான். அதற்கு மறுமொழி சொல்லும் குரலைத் திரட்டினார் டீஸ்டேல். 1928-இல் மேலும் ஐம்பது புதிய பாடல்களைச் சேர்த்து அந்நூலை மறுபடி வெளியிட்டபோது, முன்னுரையில் அவர் கூறிய கருத்து நம் தோழர்கள் பெரிதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. முற்காலப் பெண்கள் பாடிய காதலிலே, காதலனைப் பற்றிக்கொண்டு தொங்கும் மனப்பான்மையும் சாகும்வரை நீயே என்ற சத்தியங்களும் நிறைந்திருந்தன. இக்காலப் பெண்கள் பாட்டிலே அவை அருகி வருகின்றன. துணிவும், தம் உணர்ச்சியைத் தாமே கூறுபோட்டு ஆராயும் போக்கும் வந்திருக்கின்றன என்று கண்டார் அவர். காரணம்? பெண் பெற்ற கல்வியையும், சொந்தக் காலில் நிற்கும் பொருளாதார நிலையையும் சுட்டினார். காதற் பாடல் மாறியதற்குக் காரணம் கேட்டால், கலைமகளைக் காட்டாமல் கல்வியையும் கூலியையும் காட்டிய ஒரு பெண்ணைத்தான், காதல் தோல்வியால் செத்த பேதை என்று இன்றளவும் பாடம் நடத்துகிறார்கள்!

இந்த உழைப்பு திடீரென்று வந்ததுமல்ல. 1904 முதல் 1907 வரை, செயிண்ட் லூயிசில், தம்மையொத்த இளம்பெண்கள் சிலரோடு கூடிக் 'குயவன் சக்கரம்' என்ற கையெழுத்துத் திங்களிதழ் ஒன்றை நடத்தினார். கையெழுத்து ஏடு நடத்திய நம் இளைஞர்களுக்கு அதன் அருமை தெரியும்: இரவெல்லாம் படியெடுத்து, ஓரத்தில் படம் வரைந்து, ஒரே படியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கிழித்த அந்த இன்பம்! முதல் நூல் 1907-இல் பெற்றோர் பணத்தில் அச்சாயிற்று. தந்தை செல்வ வணிகர். குடும்பம் பக்தி மிகுந்த குடும்பம். பெண் கடைக்குட்டி, நோஞ்சான். ஆகவே, சளி பிடிக்கும், காற்றுப் படக்கூடாது, தனியே போகக்கூடாது என்று பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். வறுமை அவரை ஒடுக்கவில்லை, உண்மைதான். பட்டு மெத்தையும் ஒரு சிறையாகலாம் என்பதற்கு அவர் சான்று.

அவர் சாவுக்கு அறிவாளிகள் கூறும் காரணத்துக்கு இப்போது வருவோம். வேச்சல் லிண்ட்சே என்ற கவிஞர் அவரை நேசித்தார். கடிதம் மேல் கடிதமாக எழுதிக் குவித்தார். டீஸ்டேல் அவரை மணக்கவில்லை. 1914 டிசம்பரில் எர்னஸ்ட் பில்சிங்கர் என்ற வணிகரை மணந்தார். லிண்ட்சேயோடு நட்பு நீடித்தது. 1931 டிசம்பரில் லிண்ட்சே தற்கொலை செய்துகொண்டார். பதினான்கு மாதம் கழித்து டீஸ்டேலும் அவ்வாறே இறந்தார். உடனே முடிச்சுப் போட்டுவிட்டார்கள்!

ஒரு சிறு கேள்வி. இருவரும் கவிஞர்கள். இருவரும் ஒரே விதமாக மாண்டார்கள். லிண்ட்சே ஏன் மாண்டார் என்று கேட்டால் என்ன சொல்கிறார்கள்? கடன் தொல்லை, குடும்பச் சுமை, ஓயாத ஊர்ப்பயணம், நலிந்த உடல், கலங்கிய மனம் என்று அடுக்குகிறார்கள். நல்லது, மனிதனுக்குரிய காரணங்கள். டீஸ்டேல் ஏன் மாண்டார் என்று கேட்டால்? காதல்! வேறொன்றுமில்லை. 1932-இல் இங்கிலாந்து சென்றிருந்தபோது நிமோனியா காய்ச்சல் தாக்கி, உடல் தேறாமல் திரும்பினாரே, அது காரணமாகாதா? ஆண்டுக்கணக்காக அவரை வாட்டிய மனச்சோர்வு காரணமாகாதா? அதற்கு மருத்துவம் அன்று வளராதது காரணமாகாதா? ஆகாதாம்! ஆண் செத்தால் அதற்குப் பொருளாதாரம் உண்டு, மருத்துவம் உண்டு, காலமும் சூழலும் உண்டு. பெண் செத்தால் அதற்கு ஒரு ஆண்தான் உண்டு! சாவிலுமா அவளுக்குச் சொந்தக் காரணம் இல்லை?

மணமுறிவையும் அதே கண்ணாடி போட்டுத்தான் பார்க்கிறார்கள். 1929-இல் டீஸ்டேல் நியூயார்க்கை விட்டுப் புறப்பட்டு, மேற்கே நெவாடா மாநிலம் சென்று, மூன்று மாதம் தங்கி, மணவிலக்குப் பெற்றார். வணிகத்தின் பொருட்டு வெளிநாடு போயிருந்த கணவருக்குச் சொல்லக்கூட அவர் விரும்பவில்லை. வழக்கறிஞர் வற்புறுத்திய பிறகே தெரிவித்தார். "கணவன் இல்லாத நேரம் பார்த்து ஓடினாள்" என்கிறது ஊர். ஏன் அவ்வளவு தொலைவு ஓட வேண்டியிருந்தது என்று அந்த ஊர் கேட்கவில்லை. நாம் கேட்கிறோம். நியூயார்க் மாநிலச் சட்டம் அன்று மணவிலக்குக்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் ஏற்றது: பிறர்மனை நாடல். ஒத்துவரவில்லை என்றால் செல்லாது. தனிமையில் மூச்சு முட்டுகிறது என்றால் செல்லாது. எழுத வேண்டும், விடுங்கள் என்றால் கேலிக்கூத்து! கணவரோ பழியற்றவர். அவர் மீது இல்லாத ஒழுக்கக்கேட்டைச் சுமத்தினால்தான் விடுதலை. இந்தச் சட்டத்தை மாற்ற நியூயார்க் மாநிலம் 1966 வரை காத்திருந்தது. நெவாடாவில் மூன்று மாதம் குடியிருந்தால் போதும் என்று 1927-இல் விதி தளர்ந்திருந்தது. நல்லவர் ஒருவர் மீது பொய்க்குற்றம் சாட்டுவதா, மூன்று மாதம் அயலூரில் தங்குவதா? டீஸ்டேல் இரண்டாவதைத் தேர்ந்தார். அது ஓட்டமா, நேர்மையா? கணவருக்கு முன்னரே சொல்லியிருக்கலாம் என்பதே நம் எண்ணம், அதை மறைக்கவில்லை. ஆனால் பொய் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று சட்டம் இயற்றியவர்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதவர்களுக்கு, மெய் பேசி வெளியேறியவரைத் தூற்ற என்ன தகுதி இருக்கிறது?

'மென்மழை வரும்' என்று பொருள்படும் பாடலைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை முடியாது. பன்னிரண்டே வரிகள். 1918 சூலையில் ஹார்ப்பர் என்ற அமெரிக்கத் திங்களிதழில் வந்தது. முதல் உலகப் போர் மூண்டு நான்காம் ஆண்டு. அமெரிக்கா போரில் இறங்கி ஓராண்டு கடந்திருந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் அமெரிக்க ஆட்சி, போரையும் ஆட்சியையும் கொடியையும் இழித்துப் பேசுவோருக்கு இருபதாண்டுச் சிறை வரை விதிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. சூன் மாதம் ஒகையோ மாநிலத்தில் போரெதிர்த்துப் பேசிய சமதர்மத் தலைவர் யூஜின் டெப்சுக்குப் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. ஒவ்வொரு மாதா கோயில் மேடையிலிருந்தும் கடவுள் நம் பக்கம் என்று முழக்கம். எதிரி நாட்டு மாதா கோயிலிலும் அதே கடவுள், அதே முழக்கம்!

அந்த இரைச்சலின் நடுவே இந்தப் பெண் என்ன பாடினார்? மழை பெய்யும், மண் மணக்கும், தகைவிலான் குருவி வட்டமிடும், குட்டையில் தவளை இரவெல்லாம் பாடும். போர் நடந்ததா என்று அவற்றில் ஒன்றுக்கும் தெரியாது. போர் ஓய்ந்தாலும் ஒன்றுக்கும் அக்கறையில்லை. மனித இனமே அடியோடு மாண்டு போனாலும், குருவி கவலைப்படாது, மரம் கவலைப்படாது. விடியலில் கண்விழிக்கும் வசந்தத்துக்கு, நாம் போய்விட்டது கூடத் தெரியாது! மேலே ஒருவன் அமர்ந்து நம் சண்டையைப் பார்த்து நீதி வழங்குகிறான் என்ற பேச்சு அந்தப் பன்னிரண்டு வரியில் எங்குமே இல்லை. இயற்கையும் நமக்குத் தாயல்ல. நம் பிணத்தின் மேல் அழ அவளுக்கு நேரமில்லை. அப்படியானால் நம்மைக் காப்பதற்கு எவர் இருக்கிறார்? கவிஞர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. படிப்பவன் கேட்காமல் இருக்க முடியாதபடி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். பக்தி மிக்க வீட்டின் கடைக்குட்டி எழுதிய பாட்டு இது!

முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, இரோசிமாவுக்குப் பிறகு, ரே பிராட்பரி என்ற எழுத்தாளர் இந்தப் பாடலின் பெயரையே தலைப்பாக வைத்து 1950-இல் ஒரு சிறுகதை எழுதினார். அணுகுண்டு விழுந்த ஊரில் தானியங்கி வீடொன்று மட்டும் நிற்கிறது. வீட்டார் சுவரிலே நிழற்கறைகளாகிவிட்டார்கள். வீடு பொழுது விடிந்ததும் சிற்றுண்டி சமைக்கிறது, தரையைத் துடைக்கிறது, மாலையிலே வீட்டுத் தலைவிக்குப் பிடித்த பாடலைப் படித்துக் காட்டுகிறது. டீஸ்டேலின் பாடல்தான்! கேட்க ஆளில்லை. அக்கதை பிராட்பரியின் நூலில் சேர்ந்தபோது, அது நடக்கும் ஆண்டு 2026 என்று குறிக்கப்பட்டது.

இவ்வளவு எழுதியவரை 'இனிய சிறு கவி' என்று ஓரங்கட்டினார்கள். அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று, அவர் பாடல்கள் எளிதில் இசைக்கு வசப்பட்டன என்பதாகும். 1922-க்குப் பிறகு ஆங்கிலக் கவிதையில் சிக்கலே சிறப்பு என்ற காலம் வந்தது. அடிக்குறிப்பு இல்லாமல் விளங்கினால் அது கவிதையே அல்ல என்றாயிற்று. பாட முடிகிற பாட்டு ஆழமற்றதாம்! குடிநீர் தெளிவாக இருப்பதால் கிணறு ஆழமில்லை என்று சாதிக்கும் அறிவு இது.

மேற்கத்திய இசையிலே ஒருவகைப் பாடல் உண்டு. ஒரு குரல், ஒரு பியானோ, ஒரு கவிஞனின் சொல். நாடகமில்லை, கூத்தில்லை, அரங்கிலே நின்று பாடுவது. டீஸ்டேலின் பாடல்கள் இவ்வகை இசைக்கென்றே பிறந்தவை போலிருந்தன. வரி சிறியது, சொல் எளியது, ஒரே ஒரு உணர்ச்சி, அதுவும் கடைசி வரியிலே திரும்பும். சார்லஸ் கிரிஃபிஸ் 1912-இலேயே ஒரு பாடலுக்கு இசை அமைத்தார். ஏமி பீச் என்ற பெண் இசையறிஞர் ஒன்றைப் பெண்கள் குழுப்பாடலாக்கினார். விண்டர் வாட்ஸ் என்பவர், இத்தாலி நாட்டு ஊர்களைப் பற்றி டீஸ்டேல் எழுதிய ஒன்பது பாடல்களைக் கோத்து 1919-இல் ஒரு மாலையாக்கினார். லாத்வியா நாட்டு எரிக்ஸ் எஷன்வால்ட்ஸ் 2011-இல் விண்மீன் பற்றிய அவர் பாடலைக் குழுவினர் பாட, நீர் ஊற்றிச் சுருதி சேர்த்த கண்ணாடிக் கிண்ணங்களின் ஓசையைப் பின்னணியாக்கினார்.

வாட்ஸ் கோத்த ஒன்பதில் ஒன்று, அமால்ஃபிக் கடற்கரையில் நின்று ஒருத்தி பாடுவது. காதலனுக்கு எதைக் கொடுக்கலாம் என்று வானத்தைக் கேட்கிறாள். வானம் மௌனத்தைக் காட்டுகிறது. கடலைக் கேட்கிறாள், கடலும் மௌனத்தையே காட்டுகிறது. அழுகையைக் கொடுக்கலாம், பாட்டைக் கொடுக்கலாம். வாழ்நாள் முழுதும் மௌனத்தை எப்படிக் கொடுப்பேன் என்று அவள் திகைக்கிறாள். அரங்கில் இருப்பவர்களுக்குக் கேட்பது இத்தாலியக் கடலும் நிலாவும் பியானோவின் அலையும். வாய் மூடியிரு என்று உலகம் கூறும் அறிவுரையை ஒரு பெண் ஏற்க மறுக்கும் குரல் அந்த அலைக்கு அடியிலே ஓடுகிறது. இசை அமைத்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையேல் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரிந்திராது. இராகத்தைக் கேட்டுவிட்டுச் சொல்லைக் கேளாமல் எழுந்து போகிறவர்களைத்தான் சொல்கிறோம்.

முற்போக்கு பேசும் இளைஞர் சிலர் நம்மை மடக்குவார்கள்: "மேடையேறினாரா? சிறை சென்றாரா? தொழிலாளிக்காக ஒரு வரி எழுதினாரா?" இல்லை. இல்லாததை உண்டென்று சொல்லி அவருக்கு ஒரு புதுக் கட்டுக்கதை நாம் கட்டப் போவதில்லை; பழையதை இடிக்கவே பாடாயிருக்கிறது. ஆரம்ப நூல்களில் ஒரே முத்தம், ஒரே நிலா, ஒரே பூங்கா திரும்பத் திரும்ப வருவதும் உண்மை; படிக்கையில் நமக்கே அலுத்தது. ஆயினும் தன் ஆசை இது, தன் அச்சம் இது, தன் தனிமை இது என்று ஒரு பெண் தன் பெயரில் எழுதி அச்சில் ஏற்றியது எளிய செயலா? அவருடைய முதல் நூல் வந்தபோது பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் பெண்ணுக்கு வாக்குரிமையே கிடையாது. நாடு முழுவதற்கும் அது வந்தது 1920-இல். 'சுடரும் நிழலும்' வெளிவந்த ஆண்டும் அதுவே. வாக்குச் சீட்டு கைக்கு வருமுன்னரே அவர் வாய் திறந்துவிட்டார்.

1932-இல் அவர் இங்கிலாந்து சென்றது எதற்காக? கிறிஸ்டினா ரோசெட்டி என்ற ஆங்கிலப் பெண் கவிஞரின் வாழ்க்கை வரலாற்றை எழுதக் குறிப்புத் திரட்டுவதற்காக. தமக்கு முன் பாடிய ஒரு பெண்ணை, வதந்தியிலிருந்து மீட்டு, சான்றோடு எழுத விரும்பினார் போலும். அந்த நூல் முடியவில்லை. கைவசம் இருந்த கடைசிப் பாடல்கள் 'விந்தையான வெற்றி' என்ற பெயரில் அவர் இறந்த 1933-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன.

மறுநாள் வகுப்பில், கரும்பலகையில் 1933 என்று எழுதி, அதன் கீழே 1915 என்று எழுதினோம். கேள்வி கேட்ட மாணவி கோடு போட்டுக் கழித்தாள். பிறகு, "அப்படியானால் அந்த நூலிலே மற்றப் பாட்டெல்லாம் என்ன சொல்கின்றன ஐயா?" என்று கேட்டாள். நூலை அவளிடம் கொடுத்திருக்கிறோம். இன்னும் திரும்பி வரவில்லை.